தோல் முதிர்வது வயதாலா, வெயிலாலா?

சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, அக்குளை ஒட்டிய உட்பக்கத் தோலையும் புறங்கைத் தோலையும் மாறி மாறிப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். உட்பக்கம் ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். புறங்கை கறுத்து, புள்ளி விழுந்து, கோடு பெருத்து, சற்றுத் தடித்திருக்கும். உடம்பில் இடத்துக்கு இடம் தோலின் கனம் கொஞ்சம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவு வேறுபாட்டுக்கு அது மட்டும் காரணமாக முடியாது. இரண்டும் ஒரே வயதுத் தோல். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம், ஒரே பரம்பரை. ஒன்று துணிக்குள் இருந்தது, மற்றது வெயிலில் இருந்தது.

"வயதானால் தோல் அப்படித்தான் ஆகும்" என்று நாம் சொல்வதில் பாதிதான் சரி. தோல் இரண்டு வழிகளில் முதிர்கிறது. ஒன்று உள்ளிருந்து வருவது. யாராலும் நிறுத்த முடியாது. மற்றது வெளியிலிருந்து வருவது. அதில் புகைபிடித்தலும் காற்று மாசும் தங்கள் பங்கைச் செலுத்துகின்றன என்றாலும் பெரும்பங்கு வெயிலுக்குத்தான். முகத்திலும் கையிலும் இவை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வருவதால், எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடுகிறோம். மதுரை போன்ற ஊரில் வெயிலின் பங்கைத் தனியே பிரித்துப் பார்ப்பது அவசியம் என்பது என் எண்ணம். ஏனென்றால் நம்மால் ஏதாவது செய்ய முடிகிற பங்கு அதுதான்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு அடுக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். மேலே இருப்பது மேல்தோல். பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் அடிவரிசையில் செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, செத்து உதிர்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது விரலில் உருண்டு வரும் அழுக்கில் இந்தச் செத்த செல்களும் உண்டு. இளம் வயதில் ஏறத்தாழ நான்கு வாரத்தில் முடியும் இந்தப் பயணம் முதுமையில் ஆறு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அதே அடிவரிசையில்தான் நிறமிச் செல்களும் இருக்கின்றன. மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்து, அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவற்றின் வேலை.

அதற்குக் கீழே உள்தோல். கொலாஜன், எலாஸ்டின் என்ற இரண்டு வகைப் புரத இழைகளால் ஆன பின்னல் அங்கே இருக்கிறது. கொலாஜன் உறுதியைத் தரும். எலாஸ்டின் இழுத்த தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புதிதாகப் பின்னிய கயிற்றுக் கட்டிலில் படுத்து எழுந்தால் கயிறு விறைப்பாக மேலே வந்துவிடும். பல வருடம் புழங்கிய கட்டிலில் குழி விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். கன்னத்திலும் கண்ணோரத்திலும் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

வயது மட்டும் செய்வது

வெயிலே படாமல் ஒருவர் வாழ்ந்தாலும் இந்தப் பின்னல் தளரும். வாலிபம் தொடங்கியதிலிருந்தே தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்துகொண்டு வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் இது வேகம் பிடிக்கிறது. 30 சதவீதம் வரை அந்தக் காலத்திலேயே போய்விடுகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் "திடீரென்று முகமே மாறிவிட்டது" என்று சொன்னால் அது பிரமை அல்ல. எண்ணெய்ச் சுரப்பு குறைந்து தோல் வறளும், அரிக்கும். அடியில் இருக்கும் கொழுப்பு வற்றிக் கன்னம் ஒட்டும். காயம் ஆற நாளாகும்.

ஆனால் வயது தனியாக வேலை செய்த தோலுக்கு ஓர் அடையாளம் உண்டு: அது மெலியும், வறளும், நுண்ணிய சுருக்கம் விழும், நிறம் மட்டும் பெரிதாகக் கெடாது. எண்பது வயது அப்பத்தாவுக்குத் தைலம் தேய்த்துவிட்டவர்களுக்கு இது கையிலேயே தெரிந்திருக்கும். முதுகுத் தோல் மெல்லியதாக, மிருதுவாக, ஒரே நிறத்தில் இருக்கும். முன்னங்கைக்கு வந்தால் சொரசொரப்பு, கரும்புள்ளி, இடையிடையே வெள்ளைப் புள்ளி, இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும் ஊதாத் திட்டு. வயது இரண்டு இடத்துக்கும் எண்பதுதான்.

வெயில் செய்வது வேறு

வெயில் என்றதும் சூட்டை நினைக்கிறோம். தோலை முதிரவைப்பதில் முதல் குற்றவாளி சூடு இல்லை. கண்ணுக்கும் தெரியாத, உடம்பிலும் உறைக்காத புற ஊதாக் கதிர். தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏ வகை, மீதி பி வகை. பி வகையில் பெரும்பகுதி மேல்தோலோடு நின்றுவிடும். அங்கே செல்லின் டி.என்.ஏ.வை நேராகத் தாக்கும். தோல் எரிந்து சிவப்பது பெரும்பாலும் இதனால்தான். ஏ வகை ஓசைப்படாமல் உள்தோல் வரை இறங்கும்.

உள்தோலில்தான் பின்னல் இருக்கிறது. புற ஊதாக் கதிரின் தூண்டுதலால் கொலாஜனை வெட்டும் நொதிகள் அங்கே பெருகுகின்றன. புதிய கொலாஜன் உற்பத்தி மந்தமாகிறது. தோல் எரியும் அளவுக்கு வெயில் பட வேண்டும் என்பதுகூட இல்லை. அதற்கு வெகு குறைவான அளவே இந்த நொதிகளை எழுப்பிவிடப் போதும். ஒரு நாள் பட்டதைத் தோல் சரிசெய்துகொள்ளும், ஆனால் முழுதாக அல்ல. மிச்சம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. எலாஸ்டினுக்கு வேறு கதி: அது சிதைந்து, முறுக்கிக்கொண்டு, கட்டிகட்டியாகக் குவிகிறது. வெயில் தின்ற தோல் மெலிவதற்குப் பதிலாகத் தடிப்பது இதனால்தான்.

இதை நேரில் பார்க்கச் சிறந்த இடம் சலூன். ஐம்பதைக் கடந்த விவசாயி ஒருவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் பிடரியைக் கவனியுங்கள். ஆழமான கோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடி, தோலைச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கும். முடி வெட்டுபவர் சட்டைக் காலரைக் கீழே இழுத்துத் துண்டைச் செருகும்போது, காலர் மறைத்திருந்த இடத்தில் கட்டமும் இருக்காது, தடிப்பும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே எல்லை போட்டதுபோல் ஒரு கோடு. இந்தக் கட்டங்களுக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே உண்டு.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் கண்ணாடி பி வகையைத் தடுத்துவிடும்; ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 69 வயது அமெரிக்க லாரி டிரைவர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்துச் சுருக்கம் சுருக்கமாகத் தொங்க, வலது கன்னம் பத்திருபது வயது குறைந்தவருடையதுபோல் இருந்தது. அங்கே டிரைவர் உட்காருவது இடப்பக்கம். நம் ஊரில் வலப்பக்கம். ஆகவே மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து நெடுந்தூர பஸ் ஓட்டுபவர்களின் வலது முன்னங்கையையும் வலது கன்னத்தையும்தான் பார்க்க வேண்டும். பயணிகளான நாம் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து இடம் பிடிக்கிறோம். டிரைவருக்கு அந்த வசதி கிடையாது.

மதுரை வெயிலின் நேரம்

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ பத்தாவது பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளில், ஏப்ரல் நடுவில், நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். நட்டுவைத்த கம்புக்கு அந்த நேரத்தில் நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறையும் இப்படி நடக்கும். நண்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள ரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், மதுரையின் உண்மையான உச்சிப்பொழுது ஏப்ரலில் 12.17 வாக்கில் வருகிறது.

கருவி எதுவும் இல்லாமல் புற ஊதாக் கதிரின் அளவைக் கணிக்க ஒரு வழி இருக்கிறது: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். சித்திரையில் காலை ஒன்பதேகால் முதல் பிற்பகல் மூன்றேகால் வரை நிழல் குட்டையாகத்தான் இருக்கும். மார்கழியில், காலையில் பல் கிட்டுகிற அந்த நாட்களிலும், பத்தேகால் முதல் இரண்டேகால் வரை அப்படித்தான். ஐரோப்பாக்காரர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் தோலுக்கு ஓய்வு கிடைக்கிறது. நமக்கு அந்த விடுமுறை இல்லை.

சூட்டை நம்பினால் ஏமாந்துபோவோம். உடம்புக்கு அதிகச் சூடு தெரிவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பது பன்னிரண்டேகாலுக்கு. "காலை வெயில் நல்லதுதானே" என்று சித்திரையில் ஒன்பதரை மணிக்கு நிற்பவருக்கும், "என்ன வெயில் இது" என்று மூன்று மணிக்கு ஓரம் ஒதுங்குபவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கதிர்தான் படுகிறது. இலேசான மேகம் இருந்தாலும் பெரும்பகுதி கீழே வந்துவிடும். காய்ந்த மணல் தன்மேல் விழுவதில் ஏழில் ஒரு பங்குவரை திருப்பி அனுப்பும். வைகை பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில்தான். ஆனால் கூட்டம் கலைந்து வீடு திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் தாங்களும் நனைந்து, சுற்றி நிற்பவர்களையும் நனைத்துவிடுகிறார்கள். உடம்பு குளிர்ந்துவிடுவதால் வெயில் தெரிவதில்லை. ஆனால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்தால், காய்ந்திருந்தபோது விட்டதைவிட அதிகமான கதிரை உள்ளே விடும். குளிர்ச்சி வேறு, பாதுகாப்பு வேறு.

நம் தோல் எப்படி முதிர்கிறது?

மேல்நாட்டுப் புத்தகங்களிலும் அழகுசாதன விளம்பரங்களிலும் முதுமை என்றால் சுருக்கம். அது வெள்ளைத் தோலின் கதை. நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும். அந்த மெலனின் செல்லின் கருவுக்கு மேலே கவிழ்ந்து நின்று கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. மாநிறமோ கறுப்போ ஆன தோலில் சுருக்கம் பல ஆண்டுகள் தள்ளி வருவது இதனால்தான். முகத்தின் முதுமையில் 80 சதவீதம் வெயிலால் என்று அடிக்கடி ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. அது வெள்ளைத் தோல் பெண்களிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வின் கணக்கு. அதை அப்படியே தூக்கி நம் முகத்தில் ஒட்டக்கூடாது.

நமக்கு முதலில் வருவது நிறக்கேடு. கன்னத்திலும் மேலுதட்டிலும் நெற்றியிலும் படரும் மங்கு இதில் முக்கியமானது. கர்ப்ப காலத்திலும் சில ஹார்மோன் மாத்திரைகளாலும் தொடங்கி, வெயிலால் ஆழமாகும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்கூட நம் தோலில் மங்கை அதிகமாக்கும். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் கடுகளவில் வரும் கறுப்பு மருக்கள் இன்னொன்று. அவற்றில் பரம்பரையின் பங்கு அதிகம், தீங்கு எதுவும் இல்லை. தேமலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பூஞ்சையால் வருவது, மருந்து வேறு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்குப் போய்வந்த பெண்ணிடம் "கறுத்துப் போய்விட்டாயே" என்று வீட்டில் வருத்தப்படுகிறோமே, அந்தக் கறுப்பு முதுமை இல்லை. கதிர் பட்ட தோல் இரண்டு மூன்று நாளில் கூடுதல் மெலனினைச் செய்து தன்னைக் காத்துக்கொள்கிறது. செல்கள் உதிர உதிர, சில வாரங்களில் நிறம் இறங்கிவிடும். அது அடிபட்டதற்கான அடையாளமே தவிர அடி அல்ல. நாம் பயப்படுவது நிறத்துக்கு. பயப்பட வேண்டியது அதற்கு அடியில், உள்தோலில், நிறமே காட்டாமல் நடப்பதற்கு. சிவப்பழகு கிரீம் வியாபாரம் முழுவதும் இந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது.

அந்தக் கிரீம்களில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலவற்றில் பாதரசம்கூட. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஸ்டீராய்டு களிம்புகளைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாதக்கணக்கில் பூசுபவர்கள் ஏராளம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரிச்சல் தாங்க முடியாமல் போகும். வெயில் பல ஆண்டுகள் எடுத்துச் செய்யும் நாசத்தைக் கிரீம் சில மாதங்களில் செய்து முடித்துவிடுகிறது.

எது உண்மையில் காக்கும்?

மேலூர்ப் பக்கம் நாற்று நடும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. யாரும் பாடம் எடுக்காமல் வந்த பழக்கம். தோல் மருத்துவர் சொல்வதும் இதையேதான். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்நிறமான, தளர்வான துணி எந்தக் களிம்பையும்விட நம்பகமானது. வியர்வையில் வழிந்து போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். சேற்றில் நிற்பவரிடம் சன்ஸ்கிரீன் பூசச் சொல்வது அறியாமை. சுங்குடிச் சேலையின் மெல்லிய முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொள்வது ஒன்றும் இல்லாததற்கு மேல். இரண்டு மடிப்பாகப் போட்டால் இன்னும் நல்லது.

நேரத்தை மாற்ற முடிந்தால் அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மல்லிகைப் பூப்பறிப்பு விடியும் முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அது மொட்டு விரியாமல் சந்தைக்குப் போய்ச் சேருவதற்காக வந்த நேரம். பறிப்பவர் தோலுக்கும் நல்லதாகப் போயிற்று. கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் இப்படி நேரம் வகுக்கப் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

குடை பிடித்தால் நேராக விழும் கதிர் நிற்கும். வானத்திலிருந்து சிதறி வருவது பக்கவாட்டில் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அலுவலகம், கல்லூரி என்று போய்வருபவர்களும் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களும் முகம், கழுத்து, புறங்கைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவது பயனுள்ளது. கைப்பிடியைப் பற்றியிருக்கும் புறங்கை வானத்தைப் பார்த்தபடியே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் எண் முதன்மையாகப் பி வகைக்கானது. 30 என்றால் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்துச் சிக்கனமாகப் பூசுவதைவிட, 30-ஐ வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. ஏ வகைக்குப் பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பின்னால் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள், குறைந்தது மூன்று இருக்கட்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் வகை நல்லது. அது வெளிச்சத்தையும் தடுக்கிறது.

இது முதுமையை உண்மையிலேயே தள்ளிப்போடுமா என்றால், ஆஸ்திரேலியாவில் நாம்போர் என்ற ஊரில் சோதித்திருக்கிறார்கள். தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோலில், விருப்பம்போல் பூசியவர்களைவிட, நாலரை ஆண்டு முடிவில் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்ததாக 2013-இல் முடிவு வெளியானது. அங்கும் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். ஆனால் கதிர் கொலாஜனை வெட்டும் விதம் எல்லாத் தோலிலும் ஒன்றே.

மஞ்சளும் சந்தனமும் குளிர்ச்சி தரும், மணக்கும், பூசிக்கொள்ளத் தடையில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று நம்பி உச்சி வெயிலில் இறங்காதீர்கள். வைட்டமின் டி பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: சாதாரணமாக நாம் பூசும் அளவில் சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்வது உச்சி வெயிலில் நிற்பதைவிட எளிது.

போனதைத் திரும்பப் பெற முடியுமா? ஓரளவு. வெயிலைத் தடுத்தாலே தோல் தன்னால் கொஞ்சம் தேறும். வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு வகைக் களிம்புகள் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும் என்பது நிரூபணமானது. ஆனால் எரிச்சல் தரும், கர்ப்பிணிகள் பயன்படுத்தக்கூடாது, மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். பிடரிக் கட்டங்கள் மறைவதில்லை.

நம் தோலில் வெயிலால் வரும் புற்றுநோய் அரிது. ஆனால் மாதக்கணக்கில் ஆறாத புண், திடீரென்று பெரிதாகும் அல்லது இரத்தம் கசியும் மச்சம் எதுவானாலும் காட்டிவிட வேண்டும். கறுத்த தோலில் மெலனோமா என்ற கொடிய வகை உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது, வெயிலுக்குச் சம்பந்தமில்லாமல். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. செருப்பைக் கழற்றி உள்ளங்காலையும் காட்டுங்கள். பலர் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.